எலும்போடு

"எல்லோடு கூடியோ?" என்று மூன்று தடவை கேட்டான்
வண்டிப்பெரியார் கறிக்கடை பேபிச்சன்.
ஆமாம், எலும்போடு. தோலோடு. துண்டு போடாமல்.
பன்றியின் பின்னந்தொடை ஆறே முக்கால் கிலோ
தராசுத் தட்டில் குறுக்கே கிடந்தது,
தொட்டிலை மீறி வளர்ந்துவிட்ட பிள்ளை மாதிரி.

நீ அப்போது டப்ளினில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய்.
உன் குரல் என் சட்டைப்பையில் இருந்தது:
எட்டு நாள் உப்புத்தண்ணியில் கிடக்கணும்,
கறி மேலே மிதக்கக் கூடாது,
சூடேறவே கூடாது.
நீல வாளி. மேலே அம்மிக்குழவி.
காலையும் மாலையும்
ஸ்தேவான் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து
உறைந்த தண்ணீர் பாட்டில்கள், மாற்றி மாற்றி.
இதென்னய்யா வைத்தியம் என்றார்.
அவள் வருகிறாள் என்றேன்.

பழுப்புச் சீனி என்று சொல்லியிருந்தாய்.
குமுளியில் நாலு கடையில் கேட்டேன்.
கடைசியில் மறையூர்ச் சர்க்கரைதான்,
உருட்டியவரின் விரல் நான்கும்
பதிந்த உருண்டை.

இருபத்திரண்டாம் தேதி வந்தாய்.
அன்சி வாசலுக்கு வந்து "வாங்க" என்றாள்.
நீ குனிந்து ஷூ நாடாவை
ரொம்ப நேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தாய்.

நம் வீட்டில் ஏது அவன்.
பிரியாணிச் செம்பு போதும் என்றாய்.
மெல்ல வேகவைத்துத் தோலை உரித்தபின்
கொழுப்பின் மேல் கத்தியால் கோடு கிழித்தாய்,
குறுக்கும் நெடுக்கும், சாய்ந்த கட்டங்கள்.
அன்சி ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிராம்பு குத்தினாள்,
உன் கை வரும் பக்கம் விட்டு
மறுபக்கத்திலிருந்து.
அறுபத்தொன்று என்றாள், என்னிடம்.

அடியில் தேயிலைத் தூர்க் கங்கு, மூடியிலும் கங்கு.
சர்க்கரைப் பாகில் இடித்த கடுகு, அன்னாசிச் சாறு,
ஒரு மூடி வினிகர்.
பிரஷுக்குப் பதிலாக இஞ்சிப்புல் கட்டு.
கால் மணிக்கொரு தரம் மூடியைத் தூக்கினேன்,
நீ பூசினாய்.
தேன் நிறம், செம்பு நிறம்,
அதற்கும் பிறகு பெயரில்லாத ஒரு நிறம்.
கரிஞ்சிடும் போதும் என்றேன்.
இன்னும் ஒரு பூச்சு என்றாய்.
ஓரம் கரிந்தது.

மறுநாள் மதியம் மேசையில்தான் பார்த்தேன்
எனக்குத் தெரியாத உன் கையை.
கத்தி எலும்புவரை போனது,
எலும்பைத் தொட்டதும் தானே திரும்பிக்கொண்டது,
துண்டுகள் காகிதமாய்ச் சரிந்தன.
அங்கே அந்த இல்லத்தில் நாற்பத்திரண்டு பேர்.
எண்பதுக்குக் குறைந்தவர் இல்லை.
ஞாயிறுதோறும் நீதான் வெட்டுவாய்.
எனக்கு வைத்தாய். ஸ்தேவானுக்கு வைத்தாய்.
அன்சியின் தட்டில் மட்டும், பார்க்காமலே,
நகத்தளவு நறுக்கி, சாறு ஊற்றி நனைத்து,
ஸ்பூன் ஒன்றைச் சாய்த்து வைத்தாய்.

"எனக்குப் பல்லெல்லாம் முளைச்சிருச்சு" என்றாள் அன்சி.
கோபம் இல்லை. ஒரு தகவல்.

நீ போகும்போது அவளுக்கு
முன்பல் இரண்டும் இல்லை.

ஸ்தேவான் தண்ணீர் குடித்தார்.
நீ தட்டை உன் பக்கம் இழுத்துக்கொண்டு
அந்த நகத்துண்டுகளை நீயே தின்றாய்.
பிறகு கணுக்கால் முட்டியை,
சர்க்கரை கரிந்து கறுத்த அந்த ஓரத்தோடு,
மூட்டில் திருகி எடுத்து அவளிடம் நீட்டினாய்.
இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தாள்.
பாகு நொறுங்கும் சத்தம், பிறகு குருத்தெலும்பு.
ஓட்டின் மேல் மழையா என்று
காது கொடுப்பவள் போல இருந்தாய்.

மீந்த எலும்பு மறுநாள் வன்பயறோடு கொதித்தது.
உப்புக் கூடுதல். எட்டு நாள் அதிகம்,
அடுத்த தடவை ஆறு போதும் என்றாய்.

பேபிச்சனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
எலும்போடு, பின்னந்தொடை, முழுசாக.
எந்த வருஷம் என்று அவன் கேட்கவில்லை.